ஒரு இன்ச் லூஸ்

மஞ்சள் விளக்கு சிவப்பாக மாறிய அதே நொடியில் டெய்லர் மில்லிமீட்டர் இரண்டு கைகளாலும் பிரேக்கை அழுத்தினார். சைக்கிள் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

இறக்கம். காலை நேரத்து நெரிசல். எதிரே ஒரு பேருந்தின் முதுகு. அதில் பற்பசை விளம்பரத்துப் பெண் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது. அவளுடைய கடைவாய்ப் பல் தெரிகிற தூரத்தில், டிஸ்க்கைக் கவ்விய பிரேக் பேட் கிறீச்சென்று ஒரு கத்தல் போட, ஒருவழியாக வேகம் செத்தது.

தப்பித்தார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அசல் ஆபத்தே இனிமேல்தான்.

மில்லிமீட்டரின் வலது கால் பெடலிலிருந்து கழன்று தரையைத் தேடிக் கீழே போனது. போனது, போய்க்கொண்டே இருந்தது. தரை வரவில்லை. சைக்கிள் மெதுவாக, மரியாதையாக, ஒரு பக்கம் சாயத் தொடங்கியது. இந்த உலகத்தில் அப்போது அவருக்கு உதவக்கூடிய ஒரே ஜீவன் நடைபாதை ஓரத்து விளக்குக் கம்பம். எட்டி, இரண்டு கைகளாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

போக்குவரத்துக் காவலர் வாயிலிருந்து விசிலை எடுத்தார்.

"என்ன சார், கம்பம் சொந்தக்காரரா?"

"பிரேக் செக் பண்றேன்."

"செக் பண்ணி முடிச்சாச்சுன்னா விடுங்க. பச்சை விழுந்திருச்சு."

விட்டால் விழுவார். "நீங்க மத்தவங்களை அனுப்புங்க. நான் அடுத்த பச்சையில வர்றேன்" என்றார் மில்லிமீட்டர், கம்பத்தில் கன்னத்தை வைத்தபடியே.

இந்தக் காட்சியைக் கடைத்தெருவில் யாராவது பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். அவருக்கு அந்தப் பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை. கோட்டு தைப்பவர். கடை வாசலில் 'அளவு தப்பினால் கோட்டு இனாம்' என்று பலகை எழுதி மாட்டியிருந்தார். இன்றுவரை ஒரு கோட்டைக்கூட இனாமாகக் கொடுத்ததில்லை. தொப்பையை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும் கனவான்களிடம், டேப்பைச் சுற்றியபடியே "பசங்க என்ன படிக்கிறாங்க சார்?" என்று கேட்பார். கனவான் பெருமையாக வாயைத் திறப்பார். தொப்பை வெளியே வந்துவிடும். டேப் நிஜத்தைப் படித்துவிடும். மனிதர்கள் தங்கள் உடம்பைப் பற்றிச் சொல்லும் பொய் எதுவும் தன்னிடம் செல்லாது என்பதில் அவருக்கு அசாத்தியப் பெருமை.

அவருடைய தொழிலுக்கு ஒரே ஒரு சட்டம். எடுத்த அளவோடு ஒரு இன்ச் லூஸ் விட வேண்டும். துணி சுருங்கும், ஆள் பெருப்பான், சாப்பிட்டுவிட்டு உட்காருவான். லூஸ் விட்டதைப் பிடித்துத் தைக்கலாம். விடாததை எங்கே போய்த் தேடுவது? இந்தச் சட்டம் கைக்குள் ஊறி நாக்குக்கும் போய்விட்டது. யாராவது "எத்தனை மணிக்கு வருவீங்க?" என்றால்கூட, மனசுக்குள் ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளித்தான் சொல்லுவார்.

அந்த நாக்குதான் அவரைக் கம்பத்தில் கொண்டுவந்து மாட்டியது.

கதை சகலையிடம் தொடங்குகிறது. மனைவியின் தங்கை புருஷன். இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரி. ஊருக்கெல்லாம் எந்த நேரமும் விபத்து நடக்கலாம் என்று சொல்லியே முன்னுக்கு வந்தவர். அவர் ஒரு கார்பன் சைக்கிள் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் மலைப்பாதையில் ஏறும் கோஷ்டிக்குத் தலைவரும் ஆனார். வீட்டுக்கு வரும்போதெல்லாம் சைக்கிளைச் சுண்டுவிரலில் தூக்கிக் காட்டினார்.

"கரிதானே?" என்றார் மில்லிமீட்டர் ஒருநாள், தாங்க முடியாமல். "அடுப்புக்கரியும் லேசாத்தான் இருக்கும் சகலை."

"அப்ப நீங்க இரும்புலயே ஓட்டுங்க சகலை. கடையிலதான் நிறைய ஊசி கிடக்குமே, உருக்கிக்கலாம்."

அன்றைக்கே முடிவாகிவிட்டது. டைட்டானியம். துருப்பிடிக்காது, பெயிண்ட் வேண்டாம், ஆயுசுக்கும் இருக்கும். கடையில் தொங்கும் ரெடிமேட் சமாச்சாரமாக இருக்கக்கூடாது. ஆள் அளவுக்கு வெட்டி, பற்றவைத்து, செய்து தருகிறவரிடம் சொல்ல வேண்டும். ரெடிமேடை ஜென்ம விரோதியாக நினைக்கிறவருக்கு வேறு எது பொருந்தும்?

ஃப்ரேம் செய்கிறவர் தொலைபேசியில் பேசினார். வெல்டர்தான், ஆனால் டெய்லர் மாதிரிக் கேள்வி கேட்டார். கை நீளம், தோள் அகலம், எல்லாவற்றுக்கும் மேலாகக் காலின் உள்ளளவு, அதாவது தொடை இடுக்கிலிருந்து தரை வரை.

இங்கேதான் ஒரு சங்கடம். ஊர் முழுக்க அளவெடுத்தவர் ஆனாலும் தன் காலின் உள்ளளவைத் தானே எடுக்க முடியாது. குனிந்தால் அளவு மாறிவிடும். மனைவியைக் கூப்பிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு சுவராக நின்று, தடித்த அகராதி ஒன்றைக் கால்களுக்கு நடுவே முடிந்தவரை மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டார். அவள் மண்டியிட்டு டேப்பைப் பிடித்தாள்.

"எனக்கும் ஒரு சைக்கிள் சொன்னா என்னங்க?" என்றாள் கீழே இருந்து. "படிக்கிற காலத்துல ஓட்டியிருக்கேன்."

"உனக்கெதுக்கு? இடுப்பு வலி வரும். அளவைச் சொல்லு, லைன்ல ஆள் காத்துக்கிட்டிருக்கார்."

அவள் சொன்னாள். மில்லிமீட்டர் ஒரு விநாடி திகைத்துப் போனார். தன் கால் இத்தனை நீளம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வயசானால் மனுஷன் குறுகுவான் என்பார்களே? ஆனாலும் நல்ல செய்தியோடு யார் மல்லுக்கட்டுவார்கள்? இடுப்பு இளைத்திருக்கிறது என்று சொன்னால் டேப்பை மறுபடி சுற்றச் சொன்ன வாடிக்கையாளரை அவர் கண்டதே இல்லை.

தொலைபேசியை எடுத்தார். நாக்கு, தன் பழக்கப்படி, ஒரு இன்ச் லூஸ் சேர்த்துச் சொன்னது.

ஃப்ரேம் வந்தது. சாம்பல் நிறத்தில், பட்டுப் போல மினுங்கியது. மேல் குழாய், பேண்ட்டுக்கு இஸ்திரி போட்ட கோடு மாதிரி நேராக இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். அப்படியே இருந்தது. சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து, வாரக்கணக்கில் அதைக் கோத்தார். ஒவ்வொரு போல்ட்டையும் கிரீஸ் தடவி, முறுக்கு அளக்கும் ஸ்பேனரால் இறுக்கினார். குடும்பம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டது. எல்லாம் முடிந்ததும் காலைத் தூக்கிப் போட்டு ஃப்ரேமுக்கு மேல் நின்றார்.

நிற்க முடியவில்லை. அந்த நேரான மேல் குழாய், சொல்லக்கூடாத இடத்தில் நின்று நலம் விசாரித்தது. கட்டைவிரலில் எம்பினால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

அப்போதுதான் அவருக்கு அந்த ஒரு இன்ச் ஞாபகம் வந்தது. டைட்டானியம் சுருங்காது. துவைத்தாலும் சுருங்காது. பிடித்துத் தைக்கவும் வழியில்லை. ஒரு இன்ச்சுக்கு மேலேயே உயரம் என்றுகூடத் தோன்றியது. மறுபடி அளந்து பார்க்கலாமென்றால், யாரிடம் டேப்பைக் கொடுப்பது? மனைவியிடமா, கடையில் துணி வெட்டுகிற மாஸ்டரிடமா? கொடுத்த மறுநிமிஷம் தப்பு செய்ததாக ஒத்துக்கொண்ட மாதிரி.

சகலையிடம் அவர் விட்ட பேச்சு கொஞ்சமா? "அளவுன்னா என்னன்னு உங்க கோஷ்டிக்கு ஒருநாள் நான் வந்து பாடம் எடுக்கிறேன்" என்று சொல்லிவைத்திருந்தார். சகலை அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை மலை உச்சியில், எல்லோர் முன்னிலையிலும், தன் டைட்டானியம் வண்டியை வைத்துக்கொண்டு மில்லிமீட்டர் பேச வேண்டும். தலைப்பு: உடம்புக்கேற்ற அளவு. கோஷ்டியில் பாதிப்பேர் அவர் கடையில் கோட்டு தைத்துக்கொள்பவர்கள். அளவெடுப்பதில் பெயர் போன டெய்லர் தன்னையே தப்பாக அளந்துகொண்டார் என்று தெரிந்தால், வாசல் பலகையைக் கழற்றி அடுப்பில்தான் வைக்க வேண்டும்.

கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி அவர் கண்டுபிடித்தது இதுதான்: கால் தரைக்கு எட்டாவிட்டால் என்ன? நினைத்த இடத்தில், ஒரு நடைபாதைக் கல்லுக்குப் பக்கத்தில், சொல்லிவைத்த மாதிரி நிறுத்த முடிந்தால் போதும். கல்லின்மேல் காலை வைத்துக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது. இப்போதிருக்கும் கம்பி இழுக்கிற டிஸ்க் பிரேக்கை நம்ப முடியாது. எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற ஹைட்ராலிக் பிரேக் வேண்டும். டிஸ்க்கும் பெரிதாக வேண்டும்.

கால் குட்டையாக இருப்பதற்குப் பிரேக்கை மாற்றிக்கொண்ட முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும்.

"மாத்துறதுன்னா நல்லதாவே மாத்துங்க" என்றாள் மனைவி. அவர் எதிர்பார்த்த சண்டை வரவேயில்லை. "மலைப்பாதை இறக்கத்துல கை வலிக்காம நிக்கணும்ல?"

கூடமாட ஒத்தாசைக்கும் வந்தாள். எண்ணெய்க்குழாய் ஃப்ரேமுக்குள்ளேயே ஓடிப் பின் சக்கரத்துக்குப் போக வேண்டும். இருட்டுக் குழாய்க்குள் அதை எப்படி நடத்திக் கூட்டிக்கொண்டு போவது? டைட்டானியத்தைக் காந்தம் பிடிக்காது. அதனால் உள்ளே ஒரு இரும்பு முனை வைத்த கம்பியை விட்டு, வெளியே காந்தத்தை வைத்து இழுத்தால், கம்பி நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வரும். மில்லிமீட்டர் ஒரு முனையில் தள்ள, அவள் காந்தத்தைக் குழாயின் மேல் நகர்த்திக்கொண்டே போனாள்.

"மெதுவா. கைவிட்டுப் போயிரும்."

"என் கையில இருந்து எதுங்க தப்பிச்சிருக்கு?" என்றாள். கம்பியின் முனை பின்பக்கத் துளையில் எட்டிப் பார்த்தது.

அந்த நேரம் பார்த்துச் சகலை வந்து சேர்ந்தார். சக்கரங்கள் கழற்றி வைத்திருந்ததால் சைக்கிளின் உயரம் தெரியவில்லை. மில்லிமீட்டருக்குப் போன உயிர் வந்தது.

"என்ன சகலை, வண்டியே ஓடலை, அதுக்குள்ள பிரேக்கை மாத்துறீங்க? நிக்கிறதுக்குத்தான் வாங்கினீங்களா?"

"வேகமாப் போறவனுக்குத்தான் சகலை பிரேக் வேணும். உங்களுக்குப் புரியாது."

"ஆஹா! அண்ணி, கேட்டீங்களா? முந்தாநாள் நடந்து போற நாய் ஒண்ணு சகலையை ஓவர்டேக் பண்ணிச்சாம், கடைத்தெருவுல பேசிக்கிட்டாங்க." சிரித்துக்கொண்டே முன் பிரேக்கின் லீவரை நறுக்கென்று ஒரு அழுத்து அழுத்தினார்.

"ஐயோ! தொடாதீங்க!"

தாமதம். நடுவில் டிஸ்க் இல்லாதபோது லீவரை அழுத்தக்கூடாது. இரண்டு பேட்களும் பல்லைக் கடித்த மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இப்போது டிஸ்க் நுழைய இடமில்லை.

"நான் லேசாத்தான் தொட்டேன்" என்றார் சகலை, இன்சூரன்ஸ்காரர்களுக்கே உரிய குரலில். "பொருள் வீக்கா இருந்தா நான் பொறுப்பில்லை."

"காபி குடிக்கிறீங்களா தம்பி?" என்று மனைவி அவரைச் சமையலறைப் பக்கம் நகர்த்தினாள்.

மறுநாள் சைக்கிளை ஸ்பேனரிடம் கொண்டுபோனார். ஸ்பேனர் ஒரு பெண். சைக்கிள் கடை அவளுடையது. எந்நேரமும் கையில் ஸ்பேனரோடு பேசுவதால் அந்தப் பெயர். எதிரில் இருப்பவர்கள் கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள். பேட்களைப் பிளாஸ்டிக் தகடால் பிரித்தாள். கீழே, பேட்கள் உட்கார்ந்திருக்கும் காலிப்பரில் ஒரு சிரிஞ்சை மாட்டி எண்ணெயை மேல்நோக்கித் தள்ளினாள். லீவரில் மாட்டிய கிண்ணத்தில் குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து வெடித்தன.

"ஒரு குமிழி உள்ள தங்கினாலும் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும் சார்." பிறகு சைக்கிளைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டாள். "சீட்டை ஏன் இப்படி அழுத்தி வச்சிருக்கீங்க? இதுக்கு மேல இறங்கினா பூமிக்குள்ளதான் போகணும்."

"அதுதான் இப்ப ஃபேஷன்."

"எங்க சார்?"

"வெளிநாட்டுல."

ஸ்பேனர் ஸ்பேனரால் தன் காதோரம் சொறிந்துகொண்டாள். "புது பேட், புது டிஸ்க். பழக்கணும். வேகமாப் போய் அழுத்திப் பிடிங்க, நிக்கிறதுக்குள்ள விட்ருங்க. திரும்பத் திரும்ப. பேட்டோட தூள் டிஸ்க்குல ஒரே சீராப் படியணும். அப்பத்தான் கடிக்கும். பழக்காம மலைக்குப் போனீங்கன்னா கத்தும், நிக்காது."

நிற்பதற்குள் விட்டுவிட வேண்டும் என்ற பகுதி மில்லிமீட்டருக்கு மிகவும் பிடித்திருந்தது. அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், கார்கள் நிறுத்துமிடத்தில் முயன்றார். இரண்டாவது சுற்றிலேயே யாரோ காரைப் பின்னால் எடுத்தார்கள். நிற்க வேண்டியதாகிவிட்டது. இந்த முறை தண்ணீர்த் தொட்டிச் சுவர் அவரை ஏற்றுக்கொண்டது. முழங்கையைத் தடவிக்கொண்டே சைக்கிளைத் தூணோடு பூட்டிவிட்டு மேலே போனார். சாப்பாட்டு மேஜை திரும்ப வேண்டுமென்று மனைவி பிடிவாதமாகச் சொல்லியிருந்ததால், சைக்கிளின் வாசம் இப்போது கீழேதான்.

அதற்கப்புறம் நடந்ததுதான் மர்மம்.

கடையிலிருந்து ஒருநாள் திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். டிஸ்க்கில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம், வட்டமிட்டு வரைந்த மாதிரி, ஒரே சீராகப் படிந்திருந்தது. அவர் இரண்டே சுற்றுதான் சுற்றினார். இதை யார் பழக்கியது?

டார்ச்சை மேலே திருப்பினார். சீட்டுக் கம்பியில், அதை இறுக்கிப் பிடிக்கும் பூட்டுக்கு அடியில் மறைய வேண்டிய இடத்தில், மெல்லிய கீறல் தெரிந்தது. யாரோ சீட்டை உயர்த்தியிருக்கிறார்கள். ஓட்டியிருக்கிறார்கள். மறுபடி பழையபடி இறக்கி வைத்திருக்கிறார்கள்.

காவலாளி நாற்காலியில் இருந்தார். நாற்காலிப் பின்னல் கன்னத்தில் அச்சாக விழுந்திருந்தது.

"என் சைக்கிளை யாராவது தொட்டாங்களா?"

"கண்ணைக் கொட்டாமப் பார்த்துக்கிட்டிருக்கேன் சார். வெளியாள் ஒருத்தரையும் விடலை."

வெளியாள் இல்லை! மில்லிமீட்டரின் மூளைக்குள் பளிச்சென்று விளக்கு எரிந்தது. சகலை வெளியாள் இல்லையே! பூட்டின் எண்ணும் கடைத் தொலைபேசியின் கடைசி நான்கு எண்கள்தான். அது ஊருக்கே மனப்பாடம். சகலை வந்திருக்கிறார். ஏறிப் பார்த்திருக்கிறார். உயரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நடக்கப்போவது பாடம் இல்லை, பொறி!

படியேறி மூச்சு வாங்க வந்து நின்றார். "சகலை வந்தாரா?"

"எந்தச் சகலை?" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

"எனக்கு எத்தனை சகலை இருக்காங்க?"

"வரலையே. வந்தா சத்தம் கேட்காதா?"

அவள் பொய் சொல்லும் ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஆகவே சகலை சத்தமில்லாமல் வந்திருக்கிறார் என்று தீர்மானித்தார்.

போகாமல் இருந்துவிடலாமா? காய்ச்சல், கல்யாண ஆர்டர், மூட்டு வலி என்று எதையாவது சொல்லி? இருந்தால் பயந்துவிட்டான் என்பார்கள். போவதுதான் வழி. அந்த மலை உச்சியில், எட்டிப் பார்க்கிற இடத்தில், ஒரு குட்டைச் சுவர் உண்டு. அதையொட்டி நிறுத்தி, சுவரின்மேல் காலை வைத்து, ராஜா மாதிரி ஒரு சிரிப்பு. பிறகு இறங்கி நின்று பேச்சு. சைக்கிளைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பவனின் கால் எட்டுமா எட்டாதா என்று யாருக்குத் தெரியும்? திட்டத்தில் ஓட்டை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுக்குமாடி வாசல் திட்டிலிருந்து ஏறினார். மலையில் எல்லோருக்கும் கடைசியாக, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி மிதித்தார். எங்கும் நிற்கவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட நிற்கவில்லை. குடும்பங்கள் வேனில் ஏற்கெனவே உச்சிக்குப் போயிருந்தன. மனைவி, குளிரும் என்று சொல்லி டிராக் பேண்ட்டும் ஷூவும் மாட்டிக்கொண்டு போயிருந்தாள்.

கடைசி வளைவு திரும்பியதும் குட்டைச் சுவர் தெரிந்தது. அதன்மேல் வரிசையாக, ஒரு சாண் இடம்கூட விடாமல், கோஷ்டியின் சைக்கிள்கள் அத்தனையும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன.

மில்லிமீட்டர் வேறு பிடிமானம் தேடினார்.

கம்பம்? இல்லை. மரம்? பள்ளத்துக்கு அந்தப் பக்கம். கோஷ்டி இரண்டு பக்கமும் நின்று கைதட்ட, நடுவில் வழவழவென்ற வெறும் தார்த் தரை. அதன் முடிவில் சகலை, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு.

"வாங்க சகலை, வாங்க! புது பிரேக்கைக் காட்டுங்க! என் காலுக்கு முன்னாடி நிறுத்துங்க பார்ப்போம்!"

வேறு வழியில்லை. ஒரு விரல். ஒரே ஒரு விரலால் அழுத்தினார். அப்படி ஒரு பிரேக்கை அவர் வாழ்நாளில் தொட்டதில்லை. சத்தம் இல்லை, சறுக்கல் இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வேகம் இறங்கி, முன் டயர் சகலையின் ஷூ நுனிக்கு முன்னால், நூல் நுழைகிற இடைவெளியில் நின்றது.

"மில்லிமீட்டர்னா மில்லிமீட்டர்தான்!" என்று யாரோ கத்தினார்கள். கைதட்டல் மலையில் மோதித் திரும்பியது. அவர் வாழ்க்கையின் உன்னதமான வினாடி அது. ஒரே வினாடிதான்.

வலது கால் தரையைத் தேடிப் போனது.

முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருக்க, கைதட்டல் இன்னும் ஓயாமல் இருக்க, மில்லிமீட்டர் மெல்லச் சாய்ந்து, சாய்ந்துகொண்டே போய், தார்த் தரையில் பக்கவாட்டில் படுத்தார்.

நான்கு பேர் ஓடிவந்து தூக்கினார்கள். மணிக்கட்டு சுளுக்கியிருந்தது. வேறு சேதம் இல்லை. சகலை அவரைப் பார்க்கவில்லை, நிமிர்த்தி வைத்த சைக்கிளைப் பார்த்தார். மேல் குழாயைப் பார்த்தார். பிறகு மில்லிமீட்டரின் காலை, இடுப்பிலிருந்து பாதம் வரை, க்ளெய்ம் வந்த வண்டியைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது நிஜமான ஆச்சரியம். மனிதருக்கு இதுவரை எதுவுமே தெரிந்திருக்கவில்லை!

"சகலை... கொஞ்சம் இதுமேல நில்லுங்க."

"எதுக்கு?"

"சும்மா நில்லுங்களேன். இது உங்க அளவு வண்டிதானா?"

கைதட்டல் நின்றது. அவரிடம் கோட்டு தைத்துக்கொண்டவர்கள், தைத்துக்கொள்ளப் போகிறவர்கள், எல்லோரும் கிட்ட வந்தார்கள். யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். இன்னொருவர் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார், வீட்டில் தொங்கும் கோட்டில் அங்கே தையல் சரியாக இருக்கிறதா என்று இப்போதுதான் சந்தேகம் வந்தது போல. மில்லிமீட்டர் வாயைத் திறந்தார். "அது வந்து... நான் ஒரு இன்ச்..."

"அளவு எடுத்தது நான்."

மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"தன்னோட காலைத் தானே அளக்க முடியுமா? நான்தான் டேப்பைப் பிடிச்சேன். நான் சொன்னதைத்தான் அவர் போன்ல சொன்னார். எனக்கென்ன தெரியும், கோட்டா தைச்சேன்? தப்பாச் சொல்லிட்டேன் போலிருக்கு."

மலையே சிரித்தது.

"அதானே பார்த்தேன்!" என்றார் சகலை, மில்லிமீட்டரின் முதுகில் ஓங்கித் தட்டி. "அண்ணி கைவரிசையா? சகலை, இதுக்கு எந்தக் கம்பெனியிலயும் இன்சூரன்ஸ் கிடையாது! பாடம் புரிஞ்சுதாப்பா எல்லாருக்கும்? அளவுன்னா டெய்லர்கிட்ட போங்க, பொண்டாட்டிகிட்ட போகாதீங்க!"

பெயர் பிழைத்தது. பலகை பிழைத்தது. இரண்டு பேர் அங்கேயே அடுத்த மாசத்துக்குக் கோட்டு சொன்னார்கள். மில்லிமீட்டர் மனைவியைப் பெருமையோடு பார்த்தார். இப்படி ஒரு மனைவி வாய்க்க என்ன கொடுத்துவைத்திருக்க வேண்டும்! இத்தனை பேர் முன்னால், செய்யாத தப்பைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டாளே!

கூட்டம் டீக்குக் கலைந்ததும், சுளுக்கிய கையோடு இறக்கத்தில் ஓட்ட முடியாது, வேனில் வாருங்கள் என்றார்கள். "அப்ப வண்டி?" என்றார் மில்லிமீட்டர்.

மனைவி டிராக் பேண்ட் பையிலிருந்து ஒரு ஆலன் கீயை எடுத்தாள். சீட்டின் பூட்டைத் தளர்த்தி, சீட்டை உயர்த்தி, தனக்கு வேண்டிய உயரம் வந்ததும் நிறுத்தி இறுக்கினாள். பழகிய கை. காலைத் தூக்கிப் போட்டு, சைக்கிளுக்கு மேல் நின்றாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருந்தன. மேல் குழாய்க்கும் அவளுக்கும் நடுவே, கச்சிதமாக, இருக்க வேண்டிய இடைவெளி இருந்தது.

மில்லிமீட்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். "நீ... ஓட்டுவியா?"

"நீங்க கடைக்குப் போனதுக்கப்புறம் பிரேக்கைப் பழக்கினது யாருன்னு நினைச்சீங்க? காவலாளியா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் கேட்கிற தூரத்தில் இல்லை. குரலைத் தாழ்த்தினார். மனசாட்சி உறுத்தியது. இப்போதும் சொல்லாவிட்டால் மனுஷனே இல்லை.

"இங்க பாரு. நீ அளவு தப்பாச் சொல்லலை. போன்ல நான்தான் ஒரு இன்ச் லூஸ் சேர்த்துச் சொல்லிட்டேன். அது உனக்குத் தெரியாது."

அவள் ஹெல்மெட் வாரைத் தாடைக்கு அடியில் மாட்டினாள். ஒரு விரலை பிரேக் லீவரின்மேல் வைத்துக்கொண்டாள். முன்னால் மலைப்பாதை வளைந்து வளைந்து இறங்கியது.

"தெரியும்ங்க. நீங்க எதுல ஒரு இன்ச் சேர்க்காம விட்டிருக்கீங்க? அதனாலதான் என் காலை முன்னாடியே அளந்து வச்சிருந்து, அதுல ஒரு இன்ச் குறைச்சு உங்ககிட்ட சொன்னேன்."